ஊரே விசாவுக்கு நிற்கிறது: வெளிநாட்டுக் கனவை அங்கத நாவலாக எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

வளைகுடாவுக்குப் போகத் துடிக்கும் ஒரு கிராமம், அதை வைத்து ஒரு சிரிப்பு நாவல். இந்த யோசனையோடு வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கைப்பிரதியை நீட்டுகிறார்கள். பெரும்பாலும் நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோயிருக்கும். என் முதல் பிரதியும் அறுபதாம் பக்கத்தில் படுத்துக்கொண்டதுதான். காரணம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றே. சிரிப்பை முதலில் எழுதிவிட்டுக் கணக்கை அப்புறம் தேடுகிறோம். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் வண்டி ஓடும். கீழே இருப்பது அந்த வரிசைதான்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பழைய பாஸ்போர்ட்டின் நகல். ஒரு வேலை ஒப்பந்தத் தாள். கடன் வாங்கிப் போன ஒரு வீட்டின் வரவு செலவு, வாய்வழியாகச் சொன்னாலும் போதும். இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். கற்பனையால் நிரப்பக்கூடிய இடங்கள் நாவலில் நிறைய உண்டு, ஆனால் இவை அந்த இடங்கள் அல்ல.

பேசப் போகும் வரிசையும் முக்கியம். முதலில் வீட்டில் இருக்கும் மனைவி அல்லது அம்மா. அடுத்து திரும்பி வந்தவர். ஏஜென்ட் கடைசியில். ஏஜென்டிடம் முதலில் போனவர்கள் எல்லாரும் ஏஜென்டின் கதையைத்தான் எழுதிக்கொண்டு வந்தார்கள். அவர் பேச்சு அப்படி. பேசிப் பேசித்தானே அந்தத் தொழிலே நடக்கிறது!

திரும்பி வந்தவர் முதல் நாள் "நல்லாத்தான் இருந்தேன் தம்பி" என்பார். ஊருக்கே அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறார், உங்களுக்கு மட்டும் மாற்றிச் சொல்ல முடியாது. மூன்றாவது டீயில்தான் உண்மை வரும். நோட்டை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் நாலாவது டீ கிடையாது.

2. ஆண்டை முடிவு செய்யுங்கள்

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட்டு நூறு பக்கம் கழித்துத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு. 1990-க்கு முன் என்றால் கடிதமும், குரலைப் பதிந்து அனுப்பும் கேசட்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்த பிறகு ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானத்தில் திரும்பினார்கள். அப்படி வந்தவர் உங்கள் ஊரில் ஒருவராவது இருந்தால் கதையே வேறு. இன்று என்றால் போட்டிம், ஐஎம்ஓ என்று பேசுவதற்கான செயலிகள். அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்பு வேலை செய்யாது என்பது கிராமத்துப் பாட்டிக்குக்கூடத் தெரியும். தெரியாத எழுத்தாளர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

ஆண்டு மாறினால் படிவம் மாறும், கட்டணம் மாறும், ஏமாற்றும் விதம் மாறும். அங்கதம் நிற்பதே இந்தச் சில்லறை விவரங்களின் மேல். "கொஞ்ச காலத்துக்கு முன்பு" என்று ஆரம்பித்த எந்தப் பிரதியும் என் கைக்கு முழுசாக வந்ததில்லை.

3. கடன் நோட்டை எழுதுங்கள்

முதல் அத்தியாயத்துக்கு முன் இதை எழுதி முடித்துவிட வேண்டும். நாவலில் ஒரு வரிகூட வராமல் போகலாம், பரவாயில்லை. நாயகனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், இந்த நோட்டே சொல்லிவிடும்.

நான் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். ஏஜென்டுக்கு 1,50,000 ரூபாய். மூணு வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். மாதம் 4,500 வட்டிக்கே போகிறது. சொன்ன சம்பளம் 1,800 திர்ஹாம், போய் இறங்கியதும் கையில் கொடுத்தது 1,000. சாப்பாட்டுக்கு 300, போன் கார்டு, சோப்பு, பேஸ்ட் என்று 100. ஊருக்கு அனுப்புவது 600. ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வையுங்கள், 13,800 ரூபாய் வரும். வட்டி போக 9,300. வீட்டுச் செலவு 7,000. மிச்சம் 2,300.

அசலை மொத்தமாகத் தந்தால்தான் வாங்குவேன் என்பார் கடன் கொடுத்தவர். அதுவரை வட்டி குறையாது. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடியும்போது வீட்டில் சேர்ந்திருப்பது 55,200. முதல் விடுப்பில் வரும் மனிதன் சென்ட் பாட்டில், கோடாலித் தைலம், டார்ச் லைட், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மிட்டாய் எல்லாம் கட்டிக்கொண்டு திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறான். எதிர்கொண்டு போக வாடகை வேன். அந்த நிமிஷம் அவனுக்கு இன்னும் 94,800 ரூபாய் குறைகிறது. வேன் வாடகையை இதில் நான் சேர்க்கவே இல்லை.

ஊர் பார்ப்பது பெட்டியை. அவன் மனைவி பார்ப்பது நோட்டை. இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் நாவல். இதைக் கண்டுபிடித்துவிட்டால் சிரிப்பைத் தேடி அலைய வேண்டாம்.

இங்கே எல்லாரும் செய்யும் பிழை, தொகைகளை உருண்டையாகப் போடுவது. "லட்சக்கணக்கில் கடன்" என்று எழுதினால் வாசகர் இரக்கப்படுவார். 94,800 என்று எழுதினால் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பார். நமக்கு வேண்டியது இரண்டாவது வாசகர்.

4. வீட்டுக்கு ஒரு காரணம், அதுவும் வேறு வேறு

"வறுமை" என்று ஒரே சொல்லில் ஊரையே அனுப்பிவிடாதீர்கள். ஒருவன் தங்கை கல்யாணத்துக்காகப் போகிறான். ஒருவன் பங்காளி மாடி கட்டிவிட்டான் என்பதற்காக. இன்னொருவன் மூன்று தரம் தேர்வு எழுதி, ஊரில் முகம் காட்ட முடியாமல். ஒருவருக்கு உள்ளூர்ச் சாதிக்காரர் முன்னால் துண்டை இடுப்பில் கட்ட வேண்டாத ஓர் இடம் வேண்டும், சம்பளம் அப்புறம்தான். இந்தக் கடைசி ஆளைச் சிரிப்பாக்க முயன்ற ஒரு பிரதியைப் படித்தேன். கைவைத்த இடம் தப்பு.

காரணம் நியாயமாக இருக்க வேண்டும், வழி மட்டும்தான் கோணலாக இருக்கலாம். ஊர்க்காரர்கள் முட்டாள்கள் என்று வைத்து எழுதினால் இருபது பக்கத்தில் சிரிப்பு வற்றிவிடும். மூன்று அலுவலகமும் ஒரு மெடிக்கல் பரிசோதனையும் தாண்டி வந்தவனுக்கு உங்களைவிட உலகம் தெரியும்.

5. ஒரே ஒரு பொய்யை வையுங்கள்

2004-இல் இலங்கையிலிருந்து 23 பேர் தேசிய ஹேண்ட்பால் அணி என்று சொல்லி ஜெர்மனிக்குப் போனார்கள். இலங்கைக்கு அப்போது அப்படி ஓர் அணியே கிடையாது. ஆடிய ஆட்டத்தில் எல்லாம் கோல் கோலாக வாங்கினார்கள். ஒரு நாள் பார்த்தால் அறைகள் காலி, ஆட்கள் மாயம்.

இதைக் கவனித்துப் பாருங்கள். அழைப்புக் கடிதம் நிஜம், விசா நிஜம், மைதானம் நிஜம், எதிரணி நிஜம். பொய் ஒன்றே ஒன்று: இவர்கள் ஆட்டக்காரர்கள் என்பது. அங்கதத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பொய்யை நட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் உண்மையாக வைக்க வேண்டும். பறக்கும் டிராக்டர், பேசும் பாஸ்போர்ட், ஊரோடு மாயமாகும் மந்திரவாதி என்று மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் கொட்டினால் வாசகர் எதையும் நம்ப மாட்டார். நம்பாதவர் சிரிக்கவும் மாட்டார்.

இன்னொரு சிக்கல், நிஜமே நம்மை முந்திக்கொண்டு போயிருக்கும். ஜலந்தர் பக்கம் தல்ஹன் கிராமத்துக் குருத்வாராவில் வெளிநாடு போக வேண்டி பொம்மை விமானத்தைக் காணிக்கை வைத்து வந்தார்கள். ஐதராபாத் அருகே சில்குர் பாலாஜி கோயிலில் வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்று, விசா கிடைத்தால் 108. பஞ்சாபில் வீட்டு மொட்டை மாடியில் விமான வடிவத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்கள். "விசா சாமி" என்று புதிதாக ஒன்றை நீங்கள் கண்டுபிடித்தால் அது பழசாகத்தான் இருக்கும். அதனால் பெரிதாக்காதீர்கள், சிறிதாக்குங்கள். 107-ஆவது சுற்றா 108-ஆவது சுற்றா என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று கூடுதலாகச் சுற்றுகிற ஆள் போதும்.

6. முயற்சிகளைப் படிக்கட்டாக அடுக்குங்கள்

நாவலின் முதுகெலும்பு இது. ஊர் ஒன்றன்பின் ஒன்றாக வழிகளை முயல வேண்டும், அந்த வரிசை நேரான வழியில் தொடங்க வேண்டும். நேரான வழி எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு வரும் பாஸ்போர்ட் ஈசிஆர் வகை, அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை. அதை வைத்துக்கொண்டு சவூதி, அமீரகம், குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. 275 ரூபாய் கட்டினால் இரண்டு வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடும் உண்டு. காகிதத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். கிராமத்தில் இதே வழி எப்படி நடக்கிறது? ரசீது 30,000-க்கு, மீதி கையில். அனுமதி அலுவலகத்துப் பக்கமே போகாமல் விசிட் விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற வாக்கு.

ஆகவே முதல் படி, சட்டப்படி முயன்று மெடிக்கலில் "அன்ஃபிட்" ஆவது. இரண்டாம் படி, விசிட் விசா. மூன்றாம் படி, சொந்தத்துக்குள் ஒரு கல்யாணம். நாலாம் படிக்கு மேல்தான் உங்கள் பெரிய பொய். ஏன் இந்த வரிசை என்றால், ஒவ்வொரு தோல்வியும் கடன் நோட்டில் ஒரு வரியைக் கூட்டுகிறது. நாலாவது படிக்கு வரும்போது ஊரில் யாராலும் பின்வாங்க முடியாது. அந்த நிலையில் அவர்கள் செய்யும் கிறுக்குத்தனம் கிறுக்குத்தனமாகத் தெரியாது, அதுதான் இருப்பதில் புத்திசாலித்தனமான காரியமாகத் தெரியும். வாசகரும் தலையாட்டிவிட்டு, அப்புறம்தான் தான் எதற்குத் தலையாட்டினோம் என்று யோசிப்பார்.

வேடிக்கையான முயற்சியை முதல் அத்தியாயத்திலேயே வைப்பது புதியவர்களின் ஆசை. கைப்பிரதிகள் நாற்பதாம் பக்கத்தில் நிற்பதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். மேலே ஏறப் படி கிடையாது.

7. ஏஜென்டை வில்லன் ஆக்காதீர்கள்

அவர் உள்ளூர்க்காரர். கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறவர். அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே மும்பையில் ஒருவர். தன் மச்சானையும் அனுப்பிவைத்து, அவன் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்று வையுங்கள், காட்சிக்கு உயிர் வந்துவிடும். "மாப்ள, என் காசும் அங்கதான் மாட்டிக்கிட்டுக் கெடக்கு" என்று அவர் சொல்வது பாதி உண்மையாக இருக்க வேண்டும். எந்தப் பாதி என்று கடைசிவரை சொல்லாதீர்கள்.

8. படிவக் காட்சி ஒன்று கட்டாயம்

அலுவலக மொழியும் ஊர் மொழியும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நம் சிரிப்பு பிறக்கிறது. வட்டார வழக்கைக் கேலி செய்து வரும் சிரிப்பு மட்டமானது. எழுதுகிறவர் எட்ட நின்று பார்க்கிறார் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

என் நாவலில் நெட் சென்டரில் நடப்பது இது. நாயகன் பெயர் முருகேசன், அப்பா கருப்பையா. விண்ணப்பம் நிரப்பும் பையன் கேட்கிறான்:

"அண்ணே, சர்நேம் என்ன?"

"அப்படின்னா?"

"அப்பா பேருண்ணே."

"கருப்பையா."

தட்டிவிட்டான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டுக்கு அது புரியாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் தொல்லை. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவர்களை விடமாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் சொல்லி, பிறகு அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் சரி என்று விளக்கம் வந்தது.

ஆக முருகேசன் அங்கே போய் இறங்கியதிலிருந்து கருப்பையா. சூப்பர்வைசருக்குக் கருப்பையா, அறையில் இருக்கும் ஏழு பேருக்கும் கருப்பையா. ஆறு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அறையில் சார்ஜில் கிடக்கும் போன் அடிக்கிறது. வேறொருவன் எடுக்கிறான். ஊரிலிருந்து குரல்: "கருப்பையா தவறிட்டாரு, சொல்லிருங்க." எடுத்தவன் திரும்பிப் பார்க்கிறான். எதிரே கருப்பையா குப்பூஸ் ரொட்டியைப் பருப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறான்.

இந்தக் காட்சிக்கு நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பாஸ்போர்ட் நகலை எடுத்து வைத்துக்கொண்டு பெயர்க் கட்டங்களை ஒரு மணி நேரம் பார்த்தேன், அவ்வளவுதான். முதல் பகுதியில் நகல் வேண்டும் என்று சொன்னது இதற்காக.

9. போகாதவர்களுக்கும் வேலை கொடுங்கள்

எல்லாரும் போகத் துடிக்கும் ஊரில் ஒருவர் மட்டும் போக மறுத்தால் அவர் ஞானி ஆகிவிடுவார், நாவல் பிரசங்கம் ஆகிவிடும். மண்ணின் பெருமை பேசும் பெரியவர் பாத்திரத்தைத் தயவு செய்து விட்டுவிடுங்கள். அதற்குப் பதில், போக முடியாததை வைத்துப் பிழைக்கிறவர்களைத் தேடுங்கள். போட்டோ ஸ்டூடியோக்காரர், அட்டைப்பெட்டி கட்டிக் கயிறு சுற்றித் தருகிறவர், வேன் டிரைவர், வட்டிக்குக் கொடுக்கும் அக்கா. இவர்களுக்கு ஊர் போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் எல்லாரும் ஒரேயடியாகப் போய்விடவும் கூடாது.

10. சிரிப்பு நிற்கும் அத்தியாயம்

மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும் ஒரு பெட்டி வர வேண்டும். கயிறு சுற்றிய பெட்டி இல்லை. சரக்குப் பகுதி வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கும் பெட்டி. 2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது இறந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏழு பேர். இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானம் உடல்களோடு கொச்சியில் இறங்கியது. இது தெரிந்த வாசகரிடம் கடைசிவரை சிரிப்புக் காட்டிக்கொண்டே போனால் அவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இந்த அத்தியாயத்தில் உவமை வேண்டாம், ஒப்பாரி வேண்டாம். முன்பு எந்தப் படிவத்தை வைத்துச் சிரித்தீர்களோ அதே படிவத்தின் நடையில் எழுதுங்கள். பெயர், தந்தை பெயர், பொருட்களின் பட்டியல். அங்கே மறுபடி பெயர் மாறியிருந்தால் நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை. உண்மையில் இறந்த எவருடைய விவரத்தையும் எடுத்துப் போடாதீர்கள். அவர்கள் வீட்டில் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியிலேயே இன்னொருவன் மெடிக்கலுக்கு வரிசையில் நிற்கட்டும். ஊர் அப்படித்தான்.

11. வாசித்துக் காட்டுங்கள்

அச்சுக்குக் கொடுக்கும் முன், திரும்பி வந்தவர் ஒருவரிடம் மூன்று அத்தியாயமாவது உரக்க வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள், மரியாதைக்கு "நல்லா இருக்கு" என்பார். வாசிக்கும்போது முகத்தைப் பாருங்கள். எங்கே சிரிக்கிறார், எங்கே வேட்டி நுனியை முறுக்குகிறார் என்று மனசில் குறித்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருஷம் சார்ஜாவில் இருந்து வந்த ஓர் அண்ணனிடம் நான் வாசித்தேன். படிவக் காட்சிக்குச் சிரித்தார். வேன் வாடகைக்கு இன்னும் சிரித்தார். கடன் நோட்டு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, மூணு வட்டிக்கு எங்க ஊர்ல யார் தர்றா? அஞ்சு வட்டி."

வீட்டுக்கு வந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். வட்டி 7,500. அனுப்பிய 13,800-இல் அது போக 6,300. வீட்டுச் செலவு 7,000. மாதா மாதம் 700 ரூபாய் துண்டு விழுகிறது. அதை அடைக்க இன்னொரு கடன். முருகேசன் இரண்டு வருஷத்தில் ஊர் திரும்புவதாக எழுதியிருந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். நாவல் எண்பது பக்கம் நீண்டது.